கைப்பேசியைப் பிடுங்குமுன் ஒரு கேள்வி: சமூக ஊடக அடிமைத்தனமும் திடீர்த் துண்டிப்பும்



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் சந்திப்பு நாளில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அப்பா என் முன்னால் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுபவர். மகன் வகுப்பில் தூங்கி விழுகிறான், வீட்டுப்பாடம் வருவதே இல்லை, வாயைத் திறந்தால் டிக்டோக் பேச்சுதான் என்று சொன்னேன். "என்ன செய்றது டீச்சர்?" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "போனப் புடுங்கி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அவர் என் பேச்சை அப்படியே கேட்டார். அன்றிரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிய, போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டார். அடுத்த நான்கு நாள்கள் பையன் பள்ளிக்கு வரவில்லை. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்யும் அம்மா எனக்கு அழைத்து அழுதார்: "சாப்புட மாட்றான் டீச்சர். சொவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். தொட்டா கையத் தட்டி விட்றான்." நான்காம் நாள் மாலை சைக்கிளோடு காணாமல் போனான். இரவு எட்டு மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். முன்பு அவர்கள் குடியிருந்த தோட்டத்துத் திடலில் தனியாக உட்கார்ந்திருந்தானாம்.

அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் அவனோடு பந்து விளையாடிய ஐந்து பிள்ளைகளும் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். எல்லாரும் மிச்சமிருந்த ஒரே இடம் ஒரு வாட்சாப் குழு. "யார் நம்பரும் எனக்குத் தெரியாது டீச்சர். போன்லதான் இருந்துச்சி. அங்க போனா யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னான்.

அவன் போனுக்காக ஓடவில்லை, ஆளுக்காக ஓடினான். இது தெரியாமலேதான் நான் ஆலோசனை சொல்லியிருக்கிறேன். சமூக ஊடக அடிமைத்தனம் ஆபத்தானதுதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைத் திடீரென்று அறுத்து எறிவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் பெற்றோருக்கு நாம் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

இது நோயா, கெட்ட பழக்கமா?

உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் அனைத்துலகப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் மின்னியல் விளையாட்டுக் கோளாறை ஒரு நோயாகச் சேர்த்துள்ளது. அது 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. சமூக ஊடக அடிமைத்தனம் தனி நோயாக அந்தப் பட்டியலில் இல்லை. எனவே எந்த மாணவனையும் பார்த்து "இவன் அடிக்ட்" என்று நாமே முத்திரை குத்தக் கூடாது.

பட்டியலில் இல்லை என்பதற்காகப் பிரச்சினையே இல்லை என்றும் ஆகிவிடாது. நம் சுகாதார அமைச்சு 2022இல் நடத்திய இளையோர் உடல்நல ஆய்வில், பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. இதற்குச் சமூக ஊடகம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் கையில் வரும் பிள்ளைகள் ஏற்கெனவே எவ்வளவு மனச்சுமையோடு வருகிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

ஏன் விட முடிவதில்லை?

நாலு நம்பர் எடுப்பவரைப் பார்த்திருப்போம். தினமும் அடித்தால் சலித்துப் போகும், ஒருநாளும் அடிக்காவிட்டால் விட்டுவிடுவார். எப்போதோ ஒருமுறை, எதிர்பாராத நேரத்தில் அடிப்பதால்தான் அவரால் நிறுத்த முடிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைத்தான் காட்டினார். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது.

சமூக ஊடகமும் இதே வழியில்தான் நடக்கிறது. விரலால் தள்ளத் தள்ள ஒரு காணொளி சலிப்பாக இருக்கும், அடுத்தது சிரிப்பாக இருக்கும், பத்தாவது அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முகநூலில் 'லைக்' பொத்தான் வந்தது 2009இல். அதற்குப் பிறகு படம் போட்ட பிள்ளை, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, நாடகத்துக்குத் 'தொடரும்' உண்டு. டிக்டோக்குக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. முடிவே வராதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மூளையில், 'போதும்' என்று சொல்லும் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று திட்டுவது நியாயமில்லை. பெரியவர்களான நாமே அந்தத் திரையிடம் தோற்கிறோம்.

ஆறு அடையாளங்கள்

பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் எந்த அடிமைத்தனத்துக்கும் பொதுவான ஆறு கூறுகளைச் சொல்கிறார். நம் வகுப்பறைக்கு ஏற்றபடி அவற்றை இப்படிப் பார்க்கலாம்:

1. முதலிடம்: விழித்ததும் அதே நினைப்பு. திடலில் விளையாடும்போதும் அதே பேச்சு.
2. மனநிலை மாற்றம்: சோகம், கோபம், சலிப்பு என்று எது வந்தாலும் மருந்து போன்தான்.
3. அளவு கூடுதல்: அரை மணி நேரத்தில் கிடைத்த திருப்திக்கு இப்போது மூன்று மணி நேரம் வேண்டியிருக்கிறது.
4. விலகல் அறிகுறி: போன் இல்லையென்றால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை.
5. மோதல்: அதனால் வீட்டில் சண்டை, பள்ளியில் பின்னடைவு, பொய், அம்மாவின் பையிலிருந்து காசு எடுத்து டேட்டா போடுவது.
6. மீண்டும் விழுதல்: இரண்டு நாள் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் பழைய அளவைவிட அதிகமாகப் பார்ப்பது.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் அது பழக்கம். பெரும்பாலானவை பல மாதங்களாகத் தொடர்ந்து, படிப்பும் தூக்கமும் உறவும் கெட்டிருந்தால், வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மனத்துக்கு என்ன தீங்கு?

முதலில் பறிபோவது தூக்கம். மற்ற கோளாறுகளில் பாதி அதன் பின்னாலேயே வருகின்றன. இரண்டாவது ஒப்பீடு. 2021இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியிட்ட ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்பதை அந்த நிறுவனமே அறிந்திருந்ததைக் காட்டின. நிறத்தையும் பருமனையும் வைத்துக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடையே முன்பே உண்டு. திரை அந்தக் கேலியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது.

மூன்றாவது, பகடிவதை. 2024 ஜூலையில் ஏஷா என்று அறியப்பட்ட சமூக ஊடகப் பிரபலம் ராஜேஸ்வரி அப்பாஹு இணையப் பகடிவதைக்கு ஆளான பின் மரணமடைந்தது நம் சமூகத்தையே உலுக்கியது. அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சட்டம் தண்டிக்கும். ஆனால் பகடிவதை நடப்பதை முதலில் யாரிடமாவது பிள்ளை சொல்ல வேண்டுமே! "சொன்னா போனப் புடுங்கிடுவாங்க" என்ற பயம்தான் பல பிள்ளைகளின் வாயைக் கட்டிப் போடுகிறது. பிடுங்குவதையே தண்டனையாக வைத்திருக்கும் வீட்டில் பிள்ளை எதையும் சொல்லாது.

திடீரென்று துண்டித்தால்

முதலில் நம்மையே எண்ணிப் பார்ப்போம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம் நேரப்படி நள்ளிரவு நெருங்கும் வேளையில், முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்சாப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வீட்டிலிருந்து கற்பித்தல் நடந்த காலம் அது. மறுநாள் பாடத்தைக் குழுவில் போடக் காத்திருந்த நாமெல்லாம் என்ன செய்தோம்? மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டோம், டேட்டா முடிந்துவிட்டதோ என்று பார்த்தோம், போனை மறுபடி மறுபடி திறந்தோம். பெரியவர்களுக்கே இப்படி என்றால் பிள்ளைகள் எப்படித் தாங்கும்?

2010இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு மையம் பத்து நாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை 24 மணி நேரம் ஊடகமே இல்லாமல் இருக்கச் சொன்னது. பலர் பதற்றம், தனிமை, குழப்பம் என்று எழுதினார்கள். அடிமைத்தனம் என்ற சொல்லைத் தாங்களாகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. 2018இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரிய ஆய்வில் 152 பேர் ஏழு நாள் சமூக ஊடகத்தை விட்டிருக்க ஒப்புக்கொண்டார்கள். ஏக்கமும் சலிப்பும் கூடின. பாதிக்கு மேற்பட்டோர் இடையில் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிட்டார்கள். இவர்கள் எல்லாரும் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

விட்டால் நன்மை இல்லையா? உண்டு. 2018இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் நடத்திய சோதனையில் நான்கு வாரம் முகநூலை நிறுத்தியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது, மனநிலையும் சற்று மேம்பட்டது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் பெரியவர்கள், முன்கூட்டியே தெரிந்து, தாங்களாகச் சம்மதித்து நிறுத்தியவர்கள். சுவரில் போனை அடித்து உடைப்பதோடு இதை ஒப்பிட முடியாது.

இன்னொன்று, ஒன்றை அடைத்தால் பழக்கம் வேறு வழி தேடும். இந்திய அரசு 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டோக்கைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆடிப் பாடிப் பெயர் வாங்கியவர்கள் ஒரே இரவில் தங்கள் பார்வையாளர்களை இழந்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் அங்கே 'ரீல்ஸ்' கொண்டுவந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது. விரல் தள்ளுவதை நிறுத்தவில்லை.

கெடா தோட்டங்கள் கண்ட ஒரு பாடம்

நமக்கு இது புதிதும் அல்ல. போருக்குப் பின், ஏ.எம்.சாமி பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படையைத் தொடங்கினார். தொழிலாளியின் சம்பளத்தை விழுங்கிய கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று மறியல் செய்தார்கள். 1947இல் அது போலீசாரோடு மோதலாகி உயிர்ப்பலியிலும் முடிந்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் நடந்த பெரிய போராட்டம் அது.

பிற்காலத்தில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்ததையும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவோம். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து, வெயிலில் உழைத்து வந்தவருக்குச் சாயங்காலம் போக வேறு இடம் எது இருந்தது? அந்த வெற்றிடம் அப்படியே இருந்ததால், ஒன்று போனதும் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைய பிள்ளைக்கும் அதேதான். அப்பா அம்மா ஷிப்ட் வேலை, அடுக்குமாடி வீட்டில் திடல் இல்லை, அண்டை வீட்டார் பெயர்கூடத் தெரியாது. மாலை நான்கு மணியிலிருந்து இரவு வரை அவனுக்குத் துணை அந்த ஒரு திரைதான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பல காலம் கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடலுக்கே ஆபத்து, வலிப்புகூட வரலாம். போனை நிறுத்தினால் உடலுக்கு அப்படி எதுவும் ஆகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் சில நாள்களின் எரிச்சல் தணிந்துவிடும். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ள பிள்ளை, வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளை, திரைக்குள் மட்டுமே நண்பர்கள் உள்ள பிள்ளை, இவர்களுக்குத்தான் திடீர்த் துண்டிப்பு ஆபத்து.

சட்டம் வருமுன் நாம்

டிக்டோக், முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் சொந்த விதிப்படியே கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் 7 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்கள். அப்படியானால் நம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு கணக்கும் பிறந்த ஆண்டை மாற்றிச் சொல்லித் திறந்ததுதான். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடை செய்துள்ளது. நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கு இல்லை என்ற திட்டத்தைத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார்.

நல்ல நோக்கம்தான். ஆனால் ஒருநாள் காலையில் எல்லாக் கணக்கும் மூடப்பட்டால் அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டோ கோபத்தோடோ வரப்போவது நம் வகுப்பறைக்குத்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது "பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் குடுங்க" என்று பெற்றோரிடம் சொன்னதும் நாம்தானே. அதனால் இதில் நமக்கும் பங்குண்டு.

வகுப்பிலும் வீட்டிலும் செய்யக்கூடியவை

1. முதலில் கேளுங்கள். "எவ்வளவு நேரம் பார்க்கிற?" என்று ஆரம்பிக்காமல், "உன் போன்ல யார் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். நன்னெறிக் கல்வி வேளையில் இதை ஒரு நடவடிக்கையாகவே செய்யலாம். தாளின் நடுவில் ஒரு போனை வரையட்டும். ஒரு பக்கம் அதிலுள்ள மனிதர்களை எழுதட்டும்: சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா, பழைய தோட்டத்து நண்பன், பாட்டி. மறுபக்கம் இழுத்துப் பிடிப்பவற்றை எழுதட்டும். முதல் பக்கத்தில் உள்ளவர்களோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டு, மறுபக்கத்தைக் குறைக்க வேண்டும்.

2. எண்களைத் தாளில் எழுத வையுங்கள். முக்கியமான ஐந்து பேரின் தொலைபேசி எண் பள்ளிப் புத்தகத்தில் இருக்கட்டும். என் மாணவனிடம் இது ஒன்று இருந்திருந்தால் அவன் இருட்டில் சைக்கிள் மிதித்திருக்க வேண்டியதில்லை.

3. இரவிலிருந்து தொடங்குங்கள். எல்லாருடைய போனும் இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து. தூக்கம் சீரானால் மற்றவை எளிதாகும்.

4. படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம் அறிவிப்பு ஒலிகளை நிறுத்துவது. இரண்டாம் வாரம் சாப்பிடும் வேளையிலும் வீட்டுப்பாட வேளையிலும் போன் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு நாளுக்கான நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்வது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ரெண்டு மூனு நாளைக்கு எரிச்சலா இருக்கும், அது சகஜம், போயிடும்" என்று சொன்னால் பிள்ளை பயப்படாது.

5. எடுத்த நேரத்துக்கு ஈடு கொடுங்கள். காற்பந்து, சிலம்பம், உருமி மேளம், கோயில் தேவார வகுப்பு, பள்ளி நூலகம் என்று எது முடியுமோ அது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாரம் இரண்டு மாலை பள்ளித் திடலைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தாமதிக்கக் கூடாத வேளைகள்

யாரோ பிள்ளையை மிரட்டுகிறார்கள், அந்தரங்கப் படம் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் படிப்படியாக என்ற பேச்சே இல்லை. தொடர்பை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் எதையும் அழிக்காதீர்கள், அதுதான் சான்று. போலீஸ் புகார் செய்யுங்கள். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளையை வசப்படுத்தப் பேசுவதையே குற்றமாக்கியிருக்கிறது. "உன் மேல தப்பு இல்ல" என்ற ஒரு வார்த்தையைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

சாப்பிடாமல் தூங்காமல் பல நாள் இருப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி பேசுவது, இவற்றில் எதைக் கண்டாலும் 'போனுக்காக நடிக்கிறான்' என்று ஒதுக்காதீர்கள். அன்றைக்கே ஆலோசனை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. இந்த மூன்று எண்களையும் வகுப்புச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். அவனுடைய பழைய நண்பர்களில் மூவரின் பெற்றோரைத் தேடிப் பிடித்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே திடலில் பந்து விளையாட வைத்தோம். அவன் அப்பாதான் லீவு நாளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். சில மாதம் கழித்து, விசைகள் வைத்த சாதாரண போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். டிக்டோக் ஆசை முழுதாகப் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் தூங்குவது நின்றது. இப்போது பெற்றோர் யாராவது "என்ன செய்றது டீச்சர்?" என்று கேட்டால், போனில் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் பேச்சு.